யார் ஒதுக்கித் தருவது? பயாஸும் விரிவாக்க அட்டைகளும்

இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான மதர்போர்டுகளில் பழைய பிசிஐ ஸ்லாட் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் சில போர்டுகளின் பயாஸில் ‘பிசிஐ சப்சிஸ்டம் செட்டிங்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் ‘பிசிஐ லேட்டன்சி டைமர்: 32’ என்ற வரி இன்னும் இருக்கிறது. பல கார்டுகள் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில், ஒரு கார்டு எவ்வளவு நேரம் அந்தப் பாதையைத் தன் பிடியில் வைத்திருக்கலாம் என்பதற்கு ஏற்பட்ட வரம்பு அது. 33 மெகாஹெர்ட்ஸ் பாதையில் 32 துடிப்பு என்றால் ஏறக்குறைய ஒரு மைக்ரோவினாடி. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு கார்டுக்கும் தனிப் பாதை. அங்கே இந்த எண் எப்போதும் பூஜ்யம்தான் என்று விதியே சொல்கிறது. அதே பக்கத்தில் ‘விஜிஏ பேலட் ஸ்னூப்’ என்றும் ஒன்று இருக்கும். வீடியோ கார்டுக்குப் போகும் வண்ணப் பட்டியலை, பக்கத்தில் செருகிய எம்பெக் கார்டும் ஒட்டுக்கேட்க வேண்டியிருந்த நாட்களின் மிச்சம்.

இந்தச் செத்த வரிகளுக்கு நடுவிலேயே ‘அபவ் 4ஜி டிகோடிங்’ என்ற உயிருள்ள வரியும் கிடக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால், காசு கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டின் வேகத்தில் ஒரு பங்கு வீணாகப் போகலாம். எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்பதை அந்தத் திரை சொல்வதில்லை. ‘எல்லாவற்றையும் ஆட்டோவில் விடுங்கள்’ என்கிறார் ஒருவர். ‘எல்லாவற்றையும் எனேபிள் செய்யுங்கள்’ என்கிறார் இன்னொருவர். இருவரும் எந்தத் தலைமுறை போர்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியாதவரை இரண்டு அறிவுரையும் உதவாது.

இதற்குள் புக ஒரு கேள்வி போதும். ஸ்லாட்டில் செருகிய கார்டுக்கு வேண்டிய முகவரி, நினைவகம், குறுக்கீடு ஆகியவற்றை ஒதுக்கித் தருவது யார் வேலை? கணினிக்காரருடையதா, பயாஸுடையதா, இயங்குதளத்துடையதா? நாற்பது ஆண்டுகளாக இந்தப் பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. கைமாறும்போதெல்லாம் பயாஸில் புது வரிகள் சேர்ந்தன. பழையவற்றை யாரும் எடுக்கவில்லை.

1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதில் ஐந்து ஸ்லாட்டுகளும் எட்டுக் குறுக்கீட்டுக் கம்பிகளும் இருந்தன. ‘என்னைக் கவனி’ என்று கார்டு ப்ராசஸரை அழைக்கும் வழி அந்தக் கம்பி. ஐஆர்க்யூ என்பது அதன் எண். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி இன்னொரு கட்டுப்பாட்டுச் சில்லைச் சேர்த்து எண்ணிக்கையைப் பதினாறாக்கியது; இரண்டு சில்லுகளையும் இணைக்கவே ஒரு கம்பி போக, மிஞ்சியவை பதினைந்து. அவற்றில் கடிகாரம், கீபோர்டு, இரண்டு சீரியல் போர்ட், ஃப்ளாப்பி, பிரிண்டர், ஹார்ட் டிஸ்க் என்று எல்லாம் இடம் பிடித்த பிறகு, புதிதாக ஒரு கார்டு வாங்குபவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் 5, 9, 10, 11 போன்ற சில எண்கள்தாம். இரண்டு கார்டுகள் ஒரே எண்ணைப் பங்கிடவும் வழியில்லை. இந்தக் கணினிகளின் ஐஎஸ்ஏ பாதையில் கம்பியின் மின்னழுத்தம் எழும் அந்தக் கணம் மட்டுமே கணக்கு. இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் அழைத்தால் ஓர் அழைப்பு காணாமல் போய்விடும்.

ஒதுக்கீடு அன்று முழுக்க மனிதர் கையில் இருந்தது. கார்டின் மேல் உள்ள ஜம்பரை இடம் மாற்றி எண்ணைக் குறிக்க வேண்டும். பிறகு அதே எண்ணை மென்பொருளுக்கும் சொல்ல வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் 16 வைத்திருந்தவர்களுக்கு ‘ஏ220 ஐ5 டி1 எச்5’ என்ற வரி இன்றும் மனப்பாடமாக இருக்கும்: முகவரி 220, குறுக்கீடு 5, டிஎம்ஏ தடங்கள் 1, 5. இதில் ஓர் எண் தவறினால் விளையாட்டு ஊமையாகும், அல்லது கணினி உறைந்துபோகும். அந்த நாளில் இதையெல்லாம் சரிசெய்யத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

இந்தத் தொல்லையை ஒழிக்க முதலில் முயன்றதும் ஐபிஎம்தான். 1987இல் பிஎஸ்/2 கணினிகளோடு மைக்ரோசானல் வந்தது. ஜம்பருக்கு வேலையில்லை, கார்டோடு வரும் விவரக் கோப்பைக் குறிப்பு ஃப்ளாப்பி படித்து ஒதுக்கீட்டைச் செய்துவிடும். ஃப்ளாப்பி தொலைந்தால் கார்டு வெறும் பலகை. ஐபிஎம்முக்கு உரிமத் தொகை தர விரும்பாமல் காம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் 1988இல் அறிவித்த ஈஐஎஸ்ஏவும் ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. விலை காரணமாக இரண்டுமே வீட்டுக் கணினிகளுக்குள் பெரிதாக நுழையவில்லை.

உண்மையான திருப்பம் 1992இல் இன்டெல் வெளியிட்ட பிசிஐ. ஒவ்வொரு பிசிஐ கார்டிலும் 256 பைட் அளவுக்கு ஒரு விவரப் பகுதி உண்டு. தயாரிப்பாளர் யார், என்ன வகைச் சாதனம், எவ்வளவு முகவரி இடம் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இடத்தின் அளவைக் கேட்கும் முறை அழகானது. கார்டின் முகவரிப் பதிவேட்டில் பயாஸ் எல்லாப் பிட்டுகளையும் ஒன்றாக எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கும். எந்தெந்தப் பிட்டுகள் மாற மறுத்துப் பூஜ்யமாகவே நிற்கின்றனவோ, அவற்றிலிருந்து கார்டுக்கு வேண்டிய அளவு தெரிந்துவிடும். ஒரு சாதனம் இப்படி ஆறு இடங்கள் வரை கேட்கலாம். எங்கே கொடுப்பது என்பதை பயாஸ் முடிவு செய்து அதே பதிவேட்டில் எழுதிவிடும். ஜம்பருக்கும் ஃப்ளாப்பிக்கும் இங்கே இடமில்லை. இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டும் இதே முறையில்தான் தன் தேவையைச் சொல்கிறது; விவரப் பகுதி மட்டும் 4096 பைட்டாக வளர்ந்திருக்கிறது.

குறுக்கீட்டுப் பங்கீட்டுக்கும் பிசிஐ வழி செய்தது. கார்டு தன்னைக் கவனிக்கும்வரை கம்பியைப் பிடித்தபடியே இருக்கும். ஆகவே ஒரே கம்பியில் இரண்டு கார்டுகள் இருந்தாலும் அழைப்பு தொலையாது. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் நான்கு கம்பிகள் உண்டு. பெரும்பாலான கார்டுகள் முதல் கம்பியை மட்டுமே தொடும் என்பதால், போர்டு தயாரிப்பவர்கள் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் கம்பிகளைச் சுழற்றி இணைத்தார்கள். கார்டைக் கழற்றி அடுத்த ஸ்லாட்டில் மாட்டினால் கோளாறு போய்விடுகிறது என்று பழைய மெக்கானிக்குகள் சொன்னது மூடநம்பிக்கை அல்ல. ஸ்லாட் மாறினால் கம்பியும் மாறியது. கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட்டுக்கு அடுத்த பிசிஐ ஸ்லாட்டைக் காலியாக விடு என்ற அறிவுரையும் இப்படி வந்ததுதான். பல போர்டுகளில் அவை இரண்டும் ஒரே குறுக்கீட்டில் இருந்தன.

விதி சீராக இருந்தும் நடைமுறை குழம்பியது, ஐஎஸ்ஏ கார்டுகள் உடனே ஒழிந்துவிடாததால். 1990களின் பிற்பாதியில் அவார்டு பயாஸில் வந்த ‘பிஎன்பி/பிசிஐ கான்ஃபிகரேஷன்’ (பிஎன்பி என்றால் பிளக் அண்ட் பிளே) பக்கம் அந்தக் கலப்புக் குடித்தனத்தின் சாசனம். ஐஆர்க்யூ 3 முதல் 15 வரையிலான பல எண்களுக்கும் எதிரே ‘லெகஸி ஐஎஸ்ஏ’ அல்லது ‘பிசிஐ/ஐஎஸ்ஏ பிஎன்பி’ என்று குறிக்க வேண்டும். ஜம்பர் வைத்த பழைய கார்டு எந்த எண்ணில் இருக்கிறது என்று பயாஸால் தானாக அறிய முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் கணினிக்காரர். சொன்னதும் அந்த எண்ணை பயாஸ் வேறு யாருக்கும் தராது. முடிவான ஒதுக்கீடு ஈஎஸ்சிடி என்ற சிறு பட்டியலில் எழுதப்படும். ‘ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா’ என்பது அந்தப் பட்டியலை அழித்துப் புதிதாக எழுதச் சொல்லும் கட்டளை. புதுக் கார்டு மாட்டிய பிறகு கணினி கிளம்பாமல் நின்றால் முதலில் செய்ய வேண்டியதாக இருந்தது இதுதான்.

அந்தப் பக்கத்தில் இருந்தவற்றில் அதிகம் சண்டை கிளப்பியது ‘பிஎன்பி ஓஎஸ் இன்ஸ்டால்ட்: யெஸ்/நோ’. யெஸ் என்றால் கணினி கிளம்பத் தேவையான சாதனங்களுக்கு மட்டும் பயாஸ் ஒதுக்கீடு செய்யும். மீதியை இயங்குதளம் பார்த்துக்கொள்ள வேண்டும். நோ என்றால் எல்லாவற்றையும் பயாஸே செய்யும். விண்டோஸ் 95 வைத்திருப்பவர் யெஸ் போடுவது இயல்பாகத் தோன்றியது. ஆனால் விண்டோஸ் 2000 வந்தபோது நோ என்று வைக்கும்படி மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. லினக்ஸ்காரர்கள் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான் சொல்லிவந்தார்கள். கேள்வியின் பெயரோ விண்டோஸ் பெரிதா, பயாஸ் பெரிதா என்ற தோரணையில் இருந்தது. கேட்ட விஷயம் வேறு: முதல் சுற்று வேலையை யார் செய்வது என்பது மட்டுமே. இவ்வளவு மோசமாகப் பெயரிடப்பட்ட பயாஸ் வரி இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

அந்தக் காலத்தில் பயாஸ் எண்கள் நிஜமாகவே தரவைக் காப்பாற்றிய நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 2001 வாக்கில் வியா நிறுவனத்தின் 686பி சில்லு கொண்ட போர்டுகளில், ஒரு ஹார்ட் டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது தரவு கெட்டுப்போனது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் இருந்த கணினிகளில் புகார் அதிகம். போர்டு நிறுவனங்கள் புது பயாஸ் கொடுத்தன. வியா ஒட்டு மென்பொருள் கொடுத்தது. இரண்டும் பிசிஐ பாதையின் சில எண்களை மாற்றிவைத்தன. லேட்டன்சி டைமரைக் கையால் மாற்றிப் பார்க்கும் பழக்கம் அந்த நாட்களில்தான் பரவியது. அந்த அறிவுரை இன்றும் அங்கங்கே உலவுகிறது. அது பொருந்தும் பாதைதான் இல்லை.

குறுக்கீட்டுப் பஞ்சம் பிறகு தானாகவே தீர்ந்தது. 1998இல் வந்த பிசிஐ 2.2, கம்பி இல்லாமலே ஒரு நினைவக முகவரியில் எழுதும் செய்தியாகக் குறுக்கீட்டை மாற்றும் வழியைத் தந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் அதையே வழக்கமாக்கிக்கொண்டது. இன்று ஐஆர்க்யூ எண்ணைக் கையால் குறிக்கும் தேவை வீட்டுக் கணினியில் இல்லை.

முகவரி இடத்தின் பஞ்சம் மட்டும் தீரவில்லை; அளவு மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தது. முதலில் ‘மெமரி ஹோல் 15எம்–16எம்’. 16 எம்பிக்கு மேல் பார்க்க முடியாத ஐஎஸ்ஏ கார்டுகளுக்காக, ரேமின் பதினாறாவது மெகாபைட்டைக் காலியாக விடும் ஏற்பாடு. அதற்குப் பிறகு 32 பிட் முகவரியின் எல்லையான 4 ஜிபி. அந்த 4 ஜிபிக்குள்தான் ரேமும் இருக்க வேண்டும், கார்டுகளும் இருக்க வேண்டும். 4 ஜிபி ரேம் போட்டும் 32 பிட் விண்டோஸ் மூன்று சொச்சம் ஜிபிதான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் பலர். கடைக்காரர் ஏமாற்றவில்லை. மேல் பகுதியின் முகவரிகளைக் கார்டுகள் எடுத்துக்கொண்டிருந்தன.

கார்டுகளின் இடத்தை 4 ஜிபிக்கு மேலே நகர்த்த அனுமதிப்பதுதான் ‘அபவ் 4ஜி டிகோடிங்’. நீண்ட காலம் இதைத் தொட்டவர்கள் சர்வர்காரர்களும், பிறகு கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களும்தான். 2017இல் ஏஎஸ்ராக் பதின்மூன்று ஸ்லாட்டுகளோடு ஒரு போர்டே விற்றது. அத்தனை கார்டுகளுக்கும் 4 ஜிபிக்குள் இடம் தேடினால் பிசிஐ வளம் போதவில்லை என்று பயாஸ் கைவிரித்துவிடும்.

வீட்டுக்காரருக்கு இது முக்கியமானது 2020க்குப் பிறகு. கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி, 16 ஜிபி நினைவகம் இருந்தாலும் ப்ராசஸர் அதை வழக்கமாக 256 எம்பி அளவுள்ள சன்னல் வழியாகத்தான் பார்த்துவந்தது. சன்னலைப் பெரிதாக்கும் விதி, ‘ரீசைசபிள் பார்’, 2008லேயே பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்தில் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அது வீட்டுக் கணினிகளில் தூங்கியது. 2020இல் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 6000 வரிசையோடு ‘ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி’ என்று பெயரிட்டு எழுப்பியது. 2021இல் என்விடியா தன் 30 வரிசைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எல்லா விளையாட்டுக்கும் திறந்துவிடாமல், பலன் தெரிந்த விளையாட்டுகளுக்கு மட்டும் டிரைவர் வழியாக இயக்கியது. சன்னல் பெரிதானால் சில விளையாட்டுகள் மந்தமாவதும் உண்டு. 2022இல் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகளின் கதை வேறு. ரீசைசபிள் பார் இல்லாத கணினியில் இந்தக் கார்டைப் பரிந்துரைக்க மாட்டோம் என்ற அளவுக்கு இன்டெல்லே சொல்லிவிட்டது. சும்மா இருக்கும்போது மின்சாரம் குறைய வேண்டுமானால் ஏஎஸ்பிஎம் என்ற இன்னொரு வரியையும் பயாஸில் எல்1 நிலைக்கு மாற்ற வேண்டும் என்றது. இரண்டையும் செய்யாமல் ஆர்க் கார்டை மதிப்பிடுவதில் பயனில்லை.

ரீசைசபிள் பார் வேண்டுமென்றால் ‘அபவ் 4ஜி டிகோடிங்’கை இயக்கி, சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிஎஸ்எம் என்பது, இன்றைய பயாஸான யுஇஎஃப்ஐக்குள் பழைய பயாஸை நடிக்கவைக்கும் பகுதி. பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு கார்டும் தன் சொந்த நிரலைக் கொண்டுவரும்; அவை எல்லாம் முதல் ஒரு எம்பிக்குள், 128 கேபி அளவேயான ஒரு பகுதியில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். யுஇஎஃப்ஐயில் அந்த நெருக்கடி இல்லை. ஆனால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், சிஎஸ்எம் அணைந்ததும் விண்டோஸ் கிளம்பாது. முதலில் ஜிபிடிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் கார்டு யுஇஎஃப்ஐக்கான நிரல் இல்லாத பழசாக இருந்தால் திரையில் எதுவும் வராது. அப்போது எளிய வழி: மின்சாரத்தைத் துண்டித்து, ஜம்பராலோ வட்ட பேட்டரியைக் கழற்றியோ, பயாஸ் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் சிமாஸை அழிப்பது. பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் இந்த மாற்றங்களுக்கு முன்பே மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். கிளம்பும் வழியில் எது மாறினாலும் அது சாவியைக் கேட்கும்.

இதுவரை சொன்னவற்றில் கார்டு தன் தேவையைத் தானே சொல்லிவிடுகிறது. நாம் அனுமதி மட்டும் கொடுக்கிறோம். கார்டாலும் சொல்ல முடியாத, பயாஸாலும் பார்க்க முடியாத விஷயங்கள் சில உண்டு. மனிதர் இன்றும் தலையிட வேண்டிய இடங்கள் அவைதாம்.

முதலாவது பைஃபர்கேஷன். நான்கு எம்.2 எஸ்எஸ்டிகளை ஒரே 16 லேன் ஸ்லாட்டில் மாட்டும் மலிவான கார்டுகள் கிடைக்கின்றன. அவற்றில் சில்லு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஸ்லாட்டின் கம்பிகளை நான்காகப் பிரித்துக் கொடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. அதன்மேல் நான்கு சாதனங்கள் இருப்பதாகப் போர்டுக்கு யாரும் சொல்வதில்லை. அது 16 லேன்களையும் ஒரே இணைப்பாகப் பாவித்து, முதல் எஸ்எஸ்டியை மட்டும் கண்டுபிடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். பயாஸில் ‘4x4x4x4’ என்று நாம் குறித்தால்தான் மற்ற மூன்றும் தெரியும். எல்லா ப்ராசஸரும் இதற்கு இடம் தருவதில்லை. உள்ளமைந்த பெரிய கிராபிக்ஸ் இல்லாத ஏஎம்டி ரைசன் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பொதுவாக நான்காகப் பிரியும்; இன்டெல்லின் 12ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் அந்த ஸ்லாட்டை எட்டு எட்டாக இரண்டாக்குவதோடு சரி. கார்டு வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் அதிகம்.

இரண்டாவது, ரைசர் கேபிள். கிராபிக்ஸ் கார்டைச் செங்குத்தாக நிறுத்திக் கண்ணாடி வழியாகக் காட்டும் ஆசையில் பலர் இதை வாங்குகிறார்கள். கேபிள் மூன்றாம் தலைமுறைக்கானது, கார்டும் போர்டும் நான்காம் தலைமுறை என்றால், இரண்டும் தங்களுக்குள் பேசி 16 ஜிடி வேகத்துக்கு ஏறிவிடும். நடுவில் இருக்கும் கேபிளின் தரம் அவற்றுக்குத் தெரியாது. திரை கருப்பாகும்; அல்லது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றி, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் திருத்தப்பட்ட பிழைகள் குவியும். பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ‘ஜென் 3’ என்று குறித்துவிட்டால் தீர்ந்தது. 16 லேன் கார்டில் இந்த இறக்கம் விளையாட்டில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கே லேன் உள்ள கார்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாம் தலைமுறைப் போர்டில் அதன் வேகம் வெளிப்படையாக விழுந்தது.

விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒரு கார்டை முழுதாக ஒப்படைக்க விரும்புபவர்களுக்கு விடி-டி அல்லது ஐஓஎம்எம்யூ வேண்டும். ஒரே நெட்வொர்க் கார்டைப் பல மெஷின்களுக்குப் பிரிக்க எஸ்ஆர்-ஐஓவி. மற்றவர்கள் எஸ்ஆர்-ஐஓவியை மறந்துவிடலாம். விடி-டி அல்லது ஐஓஎம்எம்யூவை மட்டும் அணைக்காமல் இருப்பது நல்லது. வெளியிலிருந்து செருகும் சாதனம் நினைவகத்தை நேரடியாகப் படிப்பதைத் தடுக்க விண்டோஸும் இதைத்தான் நம்பியிருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. பிசிஐ வந்த நாளிலிருந்து சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் எல்லாவற்றையும், அபவ் 4ஜிக்கும் ரீசைசபிள் பாருக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, ஆட்டோவில் விடுவதே சரி. கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே இருக்கும் கேபிள், சில்லில்லாத பலகை, பழைய டிஸ்க், பழைய இயங்குதளம் இவற்றைப் பற்றி மட்டும் நாம் வாய்திறந்தால் போதும். பயாஸ் எழுதும் நிறுவனங்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். அவற்றில் பெரியதான அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் 1985இல் தொடங்கப்பட்டது; சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. பிசிஐ ஸ்லாட் இல்லாத போர்டில் பிசிஐ வரிகளை மறைப்பது அவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது. ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கத்தில் வரும் உதவிக் குறிப்பில், வரியின் பெயரையே திருப்பிச் சொல்லும் வழக்கத்தையும் கைவிடலாம்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ போர்டுக்குப் பணம் கட்டும் முன், அந்த மாடலின் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். எந்த ஸ்லாட்டுக்கு உண்மையில் எத்தனை லேன், இரண்டாவது எம்.2வில் எஸ்எஸ்டி போட்டால் எந்த சாட்டா போர்ட் அணையும், முதல் ஸ்லாட் எப்படியெல்லாம் பிரியும் என்பதற்கு அதில் ஓர் அட்டவணை இருக்கும். பார்ப்பதற்கு 16 லேன் நீளமுள்ள இரண்டாவது ஸ்லாட்டில் பல போர்டுகளில் நான்கு லேன்தான் இணைக்கப்பட்டிருக்கும். இதை எந்த பயாஸ் வரியாலும் மாற்ற முடியாது.